கலைவாணரின் சிரிப்பு சிறையில் தொலைந்ததா?

1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம்.

சிறைக் கதவு திறந்தது. ஒரு மனிதர் வெளியே வந்தார். நாட்டையே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர் அவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கம்பி எண்ணிவிட்டு வந்தார்.

அவர்தான் என். எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர்.

கொலை வழக்கில் சிக்கியவர். தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டவர். கையிலிருந்த பணமெல்லாம் வழக்குக்குப் போயிற்று. இப்படி அடிபட்ட ஒருவர் மறுபடியும் மேடையேறிச் சிரிக்க வைக்க முடியுமா?

"முடியவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. "சிறைக்குப் போன கிருஷ்ணன் வேறு, திரும்பி வந்த கிருஷ்ணன் வேறு. போனவர் சிரிக்க வைத்தார். வந்தவர் புத்தி சொன்னார்" என்பது அவர்களுடைய கட்சி. பழைய படங்களை இன்று கைபேசியிலேயே பார்க்கலாம். பார்க்கிற வீடுகளில் பெரியவர்களுக்குள் இந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்த வழக்கைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

சுடலைமுத்துவின் மகன்

கிருஷ்ணன் பிறந்தது 1908 நவம்பர் 29ஆம் தேதி. தந்தை சுடலைமுத்துப் பிள்ளை. தாய் இசக்கி அம்மாள். இந்த இரண்டு பெயர்களையும் கவனியுங்கள். நாஞ்சில் நாட்டு மண்ணின் பெயர்கள் அவை. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடக்காத ஊர் அங்கே ஏது? கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் முடியுமா?

வில்லுப்பாட்டைப் பார்த்திராத பட்டணத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பெரிய வில். அதன் நாணில் மணிகள். தலைமைப் பாட்டுக்காரர் கோலால் நாணை அடித்துக் கதை சொல்லுவார். ஒருவர் குடத்தின் வாயில் தட்டுவார். இன்னொருவர் உடுக்கு அடிப்பார். தலைவர் ஒரு வரி சொன்னால் பக்கத்திலிருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். சும்மா ஆமா போடுவதோடு நிற்பதில்லை. நடுவிலே கேள்வி கேட்பார்கள், கேலி செய்வார்கள், வம்புக்கு இழுப்பார்கள். விடிய விடியக் கூட்டம் தூங்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கிருஷ்ணனின் முதல் பள்ளிக்கூடம் இந்த வில்லடிதான். எழுத்துப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டது. வீட்டில் வறுமை. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்றுக்கொண்டே நாடகம் பார்த்தார். பிறகு டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து நடிகரானார்.

பிற்காலத்தில் அவரும் மனைவி டி. ஏ. மதுரமும் சேர்ந்து நடித்த காட்சிகளை நினைத்துப் பாருங்கள். அவர் பெருமையடிப்பார். மதுரம் குறுக்குக் கேள்வி போடுவார். அவர் மழுப்புவார். மதுரம் விடமாட்டார். இது என்ன? அசல் வில்லுப்பாட்டுத்தான்! வில்லும் குடமும் மட்டும் இல்லை, அவ்வளவே.

படத்துக்குள் ஒரு படம்

கிருஷ்ணன் பட உலகுக்கு வந்தது 1935, 1936ஆம் ஆண்டுகளில். 'மேனகா', 'சதி லீலாவதி' ஆகியவை அவருடைய தொடக்க காலப் படங்கள். எம். ஜி. ஆருக்கும் 'சதி லீலாவதி'தான் முதல் படம். 1936இல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனா போகிறபோது கிருஷ்ணனுக்கு மதுரத்தின் பழக்கம் ஏற்பட்டது. மதுரம் ஸ்ரீரங்கத்துக்காரர். பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது.

அந்தக் காலப் படங்களில் ஒரு வழக்கம் இருந்தது. கதை ஒரு பக்கம் போகும். நகைச்சுவை இன்னொரு பக்கம் போகும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படாதிபதிகள் நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் கையிலேயே விட்டுவிடுவார்கள். அவர் தம்முடைய கூட்டத்தை வைத்துக்கொண்டு கதை கட்டுவார், பாட்டுப் போடுவார், நடிப்பார். அதைப் படத்தில் ஒட்டிவிடுவார்கள். 1940இல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்து வந்த 'சகுந்தலை'யில் கிருஷ்ணனும் டி. எஸ். துரைராஜும் மீனவர்களாக வந்து வம்பளந்தது இந்த வகைதான்.

1941இல் 'சந்திரஹரி' வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் கேலி நாடகம் அது. அரிச்சந்திரன் பொய்யே சொல்லமாட்டான் அல்லவா? சந்திரஹரி உண்மையே சொல்லமாட்டான்! எத்தனை துன்பம் வந்தாலும் சரி, ஒரு மெய் சொல்ல அவன் வாய் திறக்காது. கிருஷ்ணன்தான் சந்திரஹரி. சிரிப்புக்காகவே சிரிப்பு. வேறு நோக்கம் தேட வேண்டியதில்லை.

இந்தச் 'சந்திரஹரி'யை மறந்துவிடாதீர்கள். வழக்கில் இது முக்கியமான சாட்சி.

ஒரே வழக்கு, இரண்டு கதை

1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்தார். 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்ற பத்திரிகைகளில் நடிகர், நடிகையரின் அந்தரங்கங்களை எழுதி வந்தவர் அவர். வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். அவர் விடுதலையானார். 1945 மே மாதம் மற்ற இருவருக்கும் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், இருவரும் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளிவந்து, மூன்று தீபாவளி கண்டு ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே கிருஷ்ணன் கைதி. வெளியே கொட்டகையில் அவரைப் பார்த்து ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐகோர்ட்டில் செய்த அப்பீல் தள்ளுபடியாயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போயிற்று. வெள்ளைக்காரர் ஆட்சியில் அதுதான் கடைசிக் கோர்ட்டு. 'மறுபடி விசாரியுங்கள்' என்று அது ஐகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. ஐகோர்ட்டு மறுபடி விசாரித்து இருவரையும் விடுதலை செய்தது.

ஆக, ஒரே வழக்கு. ஒரே தண்டனை. ஒரே நாளில் விடுதலை. ஆனால் அதன் பிறகு இருவர் கதையும் வேறாகிவிட்டது.

பாகவதர் நடித்த 'ராஜமுக்தி' 1948இல் வந்தது. ஓடவில்லை. 'அமரகவி', 'சியாமளா' எதுவும் பழைய பாகவதரைத் திருப்பித் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி அவர் காலமானார். அவர் குரல் கெட்டுவிடவில்லை. காலம் மாறிவிட்டது. பாட்டுக்காகப் படம் பார்த்த ஜனங்கள் வசனத்துக்காகப் படம் பார்க்கத் தொடங்கினார்கள். 1952இல் 'பராசக்தி' வந்தபோது அது வெட்டவெளிச்சமாயிற்று.

கிருஷ்ணனுக்கோ விடுதலையான அதே 1947இல்தான் 'கலைவாணர்' என்ற பட்டமே கிடைத்தது. இன்று நாம் அவரை அழைக்கிற பெயர், சிறையிலிருந்து வந்த கிருஷ்ணனுக்குத் தரப்பட்ட பெயர்! ஜெமினி வாசன் என்ன செய்தார் தெரியுமா? தயாரிப்பில் இருந்த 'சந்திரலேகா'வில் கிருஷ்ணனுக்கும் மதுரத்துக்கும் இடம் பண்ணினார். சர்க்கஸ் பகுதியில் அவர்களுக்காகக் காட்சிகள் எழுதிச் சேர்க்கப்பட்டன. பல லட்சம் கொட்டிப் படம் எடுத்தவர் பரிதாபத்துக்காகவா அப்படிச் செய்வார்? கிருஷ்ணன் வந்தால் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பார். 1948இல் படம் வந்தது. கணக்குத் தப்பவில்லை.

கலைந்த கூட்டம்

ஆனாலும் ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. சிறை கிருஷ்ணனிடமிருந்து ஒன்றைப் பறித்துத்தான் விட்டது. அவருடைய கூட்டத்தை!

சிரிப்பு ஒரு ஆள் வேலை அல்ல. பாட்டு எழுத உடுமலை நாராயண கவி வேண்டும். எதிர்வாதம் செய்ய மதுரம் வேண்டும். அடி வாங்கவும் ஏமாறவும் புளிமூட்டை ராமசாமி போன்றவர்கள் வேண்டும். கண் அசைந்தால் புரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் பல ஆண்டு உழைப்பில் வருவது.

கிருஷ்ணன் உள்ளே இருந்தபோது கூட்டம் பிரிந்தது. எஸ். வி. சகஸ்ரநாமமும் மதுரமும் என். எஸ். கே. நாடக சபையைக் கட்டிக் காத்தார்கள். கே. ஆர். ராமசாமி தனியே போய், கிருஷ்ணன் பெயரிலேயே வேறு சபை வைத்தார். புருஷன் சிறையில். வழக்குச் செலவு தலைக்கு மேல். அந்த நிலையில் மதுரம் மேடையில் நின்று ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா?

சபையின் 'பைத்தியக்காரன்' நாடகம் 1947இல் படமாக வந்தது. விடுதலையாகி வந்த கிருஷ்ணன் அதில் தலைகாட்டினார். எதைப் பற்றிப் பாடினார் தெரியுமா? ஜெயிலைப் பற்றி! ஊரெல்லாம் கிசுகிசுத்த விஷயத்தை அவரே எடுத்துப் பாட்டாக்கிப் பாடிவிட்டார். அதன் பிறகு கிசுகிசுக்க என்ன இருக்கிறது?

கூட்டத்தையும் மறுபடி சேர்க்கத் தொடங்கினார். திருநெல்வேலிச் சீமையில் சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைக் கண்டார். சென்னைக்கு அழைத்து வந்தார். நகைச்சுவை எழுத வைத்தார். வில்லுப்பாட்டை நகரத்து மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இளைஞர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறையும் வரை வில்லடியே வாழ்வாக இருந்தார்.

சந்திரஹரியும் கிந்தனாரும்

இப்போது முக்கியமான சாட்சிக்கு வருவோம்.

1949இல் 'நல்லதம்பி' வந்தது. கிருஷ்ணன்தான் கதாநாயகன். அமெரிக்க டைரக்டர் பிராங்க் காப்ராவின் 1936ஆம் ஆண்டுப் படம் ஒன்றைத் தழுவியது. எழுதியவர் சி. என். அண்ணாதுரை. திரைக்கு அவர் எழுதியது அதுவே முதல் தடவை. மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதும் அமலுக்கு வந்த சமயம் அது. படமும் குடியை எதிர்த்துப் பேசியது.

அந்தப் படத்தில் 'கிந்தனார்' என்று ஒரு கதாகாலட்சேபம் வருகிறது. நந்தனார் சரித்திரத்தின் அதே பாணி. அதே நடை. ஆனால் கதை வேறு. நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஆசைப்படுகிறான்! நந்தனுக்குத் தடையாக நின்றது அவன் பிறந்த சாதி. கிந்தனுக்கும் அதே தடை. நந்தன் தீயில் இறங்கினான். கிந்தன் ரயிலில் ஏறுகிறான். படித்துப் பட்டம் பெற்று அதிகாரியாகத் திரும்பி வருகிறான்.

'சந்திரஹரி'யையும் 'கிந்தனாரை'யும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வித்தை ஒன்றுதான். ஊருக்கெல்லாம் தெரிந்த பெரிய கதையை எடுத்துப் புரட்டிப்போடுவது. 1941இல் புரட்டிப்போட்டதும் சிரித்தோம், எழுந்து வந்தோம். 1949இல் சிரித்தோம், சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்று ஏதோ குத்தியது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத வீடுகளில் கிந்தன் கதை கேட்டவர்களுக்கு அது வெறும் தமாஷாகப் பட்டிருக்குமா?

அதே படத்தில் விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு பாட்டு. பொத்தானைத் தட்டினால் பலகாரம் தானாக வந்து நிற்க வேண்டும் என்று அளப்பார் கிருஷ்ணன். அன்று கொட்டகை சிரித்தது. இன்று கைபேசியைத் தட்டினால் இட்டிலி வாசலுக்கு வருகிறது!

தொழில் கூர்மை போனவர் செய்கிற வேலையா இது?

குறையே இல்லையா?

உண்டு. மறைப்பானேன்?

சிறைக்கு முன் கிருஷ்ணன் அடுத்தவர் படத்தில் பதினைந்து, இருபது நிமிடம் வந்து போனார். அந்த நேரத்தில் ஒரு நொடி வீணாகாது. சிறைக்குப் பின் முழுப் படத்தையும் தம் தலையில் சுமந்தார். 1951இல் 'மணமகள்' படத்தை டைரக்ட் செய்தார். பத்மினியைத் தமிழில் கதாநாயகி ஆக்கினார். படம் நன்றாக ஓடியது. 1952இல் 'பணம்' எடுத்தார். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் அதில்தான் ஜோடியாக இசையமைக்கத் தொடங்கினார்கள். இரண்டு படத்துக்கும் வசனம் மு. கருணாநிதி. ஆனால் சில இடங்களில் சொற்பொழிவு நீளுகிறது. சிரிப்பு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது. பழைய 'சகுந்தலை'க் காட்சியை விரும்பினவர்களுக்கு இது கசந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் குறை கிருஷ்ணனுக்கு மட்டும் வந்ததல்ல. அவரை 'இந்தியாவின் சார்லி சாப்ளின்' என்பார்கள். அந்தச் சாப்ளினுக்கே வந்தது. வாயே திறக்காமல் உலகத்தைச் சிரிக்க வைத்தவர், 1940இல் ஹிட்லரைக் கிண்டல் செய்து ஒரு படம் எடுத்தார். கடைசியில் நேராக நின்று நீண்ட பிரசங்கம் செய்தார். 'கோமாளி உபதேசியாகிவிட்டான்' என்று விமர்சகர் சிலர் முகம் சுளித்தார்கள். 1952இல் அவரே 'லைம்லைட்' என்ற படத்தில், ஜனங்களைச் சிரிக்க வைக்கும் சக்தி போய்விட்டதோ என்று தவிக்கிற வயதான கோமாளியாக நடித்தார். சொல்ல ஒரு விஷயம் இருக்கிற கோமாளிக்கு இந்தச் சங்கடம் வராமல் போகாது போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கிருஷ்ணன் கையில் காசு நின்றதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பண நெருக்கடி வந்தது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. தங்கவேலு, சந்திரபாபு என்று புதிய சிரிப்பு நடிகர்கள் தலையெடுத்தார்கள். 1950க்குப் பிறகு வந்த அவருடைய படங்களில் பெயர் நிற்காதவையும் பல.

கடைசி மூன்று ஆண்டுகள்

சரி, அப்படியானால் முடிவில் அவர் மங்கித்தான் போனாரா? தேதி வாரியாகவே பார்த்துவிடலாம்.

1955. 'முதல் தேதி' படம். மாதச் சம்பளக்காரன் இருபதாம் தேதி வரை ராஜா, அதன் பிறகு ஆண்டி என்று ஒரு பாட்டுப் பாடினார். இலங்கை வானொலி மாதந்தோறும் முதல் தேதியன்று அந்தப் பாட்டை ஒலிபரப்பியது. சம்பளம் வாங்குகிற வீடுகளில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

1956. 'ராஜா ராணி' படம். சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டு. எத்தனை வகைச் சிரிப்பு உண்டோ அத்தனையையும் சிரித்துக் காட்டுகிறார். நோய் வாட்டிய உடம்பு அது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

அதே 1956 நவம்பர் 1ஆம் தேதி, திருவிதாங்கூரில் இருந்த அவருடைய நாகர்கோவில் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அதன் பிறகு அவர் இருந்தது பத்தே மாதம்.

1957. பொதுத் தேர்தல். காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை நின்றார். எதிர்த்து நின்றவர் ஊரில் பேர் பெற்ற டாக்டர். அண்ணாவுக்கு வாக்குக் கேட்கப் போனார் கிருஷ்ணன். அப்போது நடந்ததாக ஒரு கதை சொல்லுவார்கள்.

கிருஷ்ணன் மேடையேறி டாக்டரைப் புகழ ஆரம்பித்தாராம். கைராசிக்காரர் என்றாராம், ஏழைகளுக்கு வேண்டியவர் என்றாராம். அண்ணாவின் ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், "இப்பேர்ப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால், ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் ஓடுவீர்கள்? அவரை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாவை அனுப்பிவையுங்கள்" என்ற பொருளில் முடித்தாராம். கூட்டம் கைதட்டித் தீர்த்ததாம். அந்தத் தேர்தலில் அண்ணாதுரை ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார்.

சந்திரஹரியைப் புரட்டிய அதே வித்தைதான். ஆறு மாதத்தில் சாகப்போகிற மனிதர் அதைத் தேர்தல் மேடையில் செய்து காட்டினார் என்று ஜனங்கள் இன்றும் நம்புகிறார்கள் என்றால், அவருடைய சிரிப்பு மழுங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? சிறை அவருடைய கூட்டத்தைக் கலைத்தது, காசைக் கரைத்தது. சிரிப்பை அது தொடவில்லை. சிரிப்பு எங்கே பாய வேண்டும் என்பதைத்தான் அவர் மாற்றிக்கொண்டார். அதை விரும்பாதவர்கள் விரும்பாமல் இருக்கட்டும். அது கூர்மை போனதாக ஆகாது.

1957 ஆகஸ்டு 30ஆம் தேதி கலைவாணர் சென்னையில் காலமானார். வயது 49 கூட நிறையவில்லை. 1969 ஜனவரியில் தியாகராய நகரில் அவருடைய சிலையை, அப்போது முதலமைச்சராக இருந்த அண்ணாதுரை திறந்து வைத்தார். கடும் நோயோடு வந்திருந்தார் அண்ணா. மூன்று வாரத்தில் அவரும் மறைந்தார்.

ஆனால் அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே கலைவாணருக்கு வேறொரு சிலை வைத்தாகிவிட்டது. அது படத்துக்குள்ளே. 1937இல் பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யில் கிருஷ்ணன் நடித்திருந்தார். இருபது ஆண்டு கழித்துச் சிவாஜி கணேசனை வைத்து அதே கதையை எடுத்தபோதும் அவரையே கூப்பிட்டார்கள். படம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அவர் இடத்துக்கு வேறு ஆளைத் தேடவில்லை. அவருடைய சிலை ஒன்றைச் செய்து படத்தில் காட்டி, மிச்சக் கதையை நடத்தினார்கள். 1957 அக்டோபரில் அந்தப் படம் கொட்டகைக்கு வந்தது.